டிகிரியில 48 சதவீதம்தான், மூணு வருஷ எல்.எல்.பி. சீட்டு கிடைக்குமா?

விளவங்கோட்டுக்காரி:
மார்த்தாண்டம் பக்கம் ஒரு பத்திர எழுத்தர் ஆபீஸ்ல டைப்பிங் வேலை பார்க்கேன். படிச்சது பி.எஸ்சி. கணக்கு. அல்லைடு பிசிக்ஸ்ல அரியர் வச்சு ஒருவழியா முடிச்சேன், 48.3 சதவீதம். பி.சி. வகுப்பு.

எங்க ஓனர் வயசானவரு. நம்ம பக்கம் தமிழ்நாட்டோட சேர்ந்த 1956-க்கு முந்தின மலையாளப் பத்திரம் எது வந்தாலும் இப்போ என்கிட்டதான் நீட்டுவாரு. கொல்லம் ஆண்டு 1110-னு போட்டிருந்தா 1934-35-னு கணக்குப் பார்த்து, தாய்ப்பத்திரம் எது, யாருக்க பங்கு யாருக்குப் போச்சுன்னு தமிழ்ல எழுதிக் கொடுப்பேன். அதை வாங்கிட்டுப் போற வக்கீலுங்கதான் கோர்ட்ல பேசுறாங்க. நானே பேசினா என்னன்னு ஒரு ஆசை. வீட்ல, "இந்த மார்க்குக்கு எவன் சீட்டு தருவான்"னு கேக்காங்க. ஒரு ஏஜென்ட் வேற, வெளிமாநிலக் காலேஜ் ஒண்ணு இருக்கு, பரீட்சைக்கு மட்டும் போனா போதும், வேலையை விடண்டாம்னு பின்னாலேயே சுத்துறான். நம்பலாமா?

கோட்டாறு பையன்:
அக்கா, கிளாட் நுழைவுத் தேர்வு எழுதுங்க. மார்க் பிரச்சினையே இல்ல.

குழித்துறை வக்கீல்:
தம்பி, கிளாட் பிளஸ் டூ முடிச்சவங்க அஞ்சு வருஷப் படிப்புக்கு எழுதுறது, எல்.எல்.எம். மேல்படிப்புக்கும் அதுதான். இந்தப் பிள்ளை கேக்கது மூணு வருஷம்.

தங்கச்சி, சட்டப் படிப்புக்கு விதி போடுற பார் கவுன்சில் கணக்குப்படி பொதுப் பிரிவுக்கே 45 போதும். உங்களுக்கு விண்ணப்பிக்கத் தடையில்ல. ஆனா தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகள்ல மூணு வருஷப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் டிகிரி மார்க்கை வச்சுத்தான் தரவரிசை போடும். 48-ஐ வச்சுக்கிட்டு திருநெல்வேலியே வேணும்னா கஷ்டம். சும்மா தைரியம் சொல்லி ஏமாத்த எனக்கு மனசில்ல. இருந்தாலும் போடுங்க. ராமநாதபுரம், தேனி, தருமபுரின்னு எங்க கிடைச்சாலும் போகத் தயாரா இருங்க.

உங்களுக்கு நல்ல வழி கிழக்கே இல்ல, மேற்கே. கேரளத்துல நுழைவுத் தேர்வு உண்டு. அங்க டிகிரி மார்க் தகுதிக்கு மட்டும்தான், ரேங்க் தேர்வுல எடுக்கிற மார்க்குக்கு. ஆங்கிலம், பொது அறிவு, எண்கணிதம், சட்ட நாட்டம்னு கேக்கான். கணக்குப் படிச்சவங்க பயப்பட என்ன இருக்கு? அந்த மாநில இடஒதுக்கீடு நமக்குக் கிடைக்காது, அதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. திருவனந்தபுரம் பார்ட்டன் ஹில் சட்டக் கல்லூரிக்கு நம்ம குழித்துறையில ரயில் ஏறினா போதும். சென்னையை விட அதுதான நமக்குப் பக்கம்!

அந்த ஏஜென்ட் போன் வந்தா எடுக்காதீங்க. வருகைப் பதிவு 70 சதவீதம் இருக்கணும்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. 2024-ல பயோமெட்ரிக், சிசிடிவி எல்லாம் வைக்கணும்னு சுற்றறிக்கையும் விட்டாச்சு. காசைக் கொடுத்துப் பட்டம் வாங்கி, வக்கீலா பதிவு பண்ற என்ரோல்மென்ட்ல மாட்டிக்கிட்டா அவனா வந்து நிப்பான்? ரெகுலரா படிக்கணும்னா இந்த முழுநேர வேலை நடக்காது, அதை இப்பவே வீட்ல பேசிருங்க.

நெல்லை மூணாம் வருஷம்:
அக்கா, பிளஸ் டூ ஸ்கூல்ல போய்ப் படிச்சதுதான? பத்து, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை இல்லாம நேரா திறந்தநிலைப் பட்டம் வாங்கினவங்களை எடுக்க மாட்டாங்க. சாதிச் சான்றிதழ், டி.சி., எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் இப்பவே ஸ்கேன் பண்ணி வைங்க. அப்ளிகேஷன் திறந்த பிறகு ஓடினா சர்வரும் சுத்தும், நாமளும் சுத்தணும்.

விளவங்கோட்டுக்காரி:
பிளஸ் டூ ஸ்கூல்லதான் தம்பி. அரியர் கிளியர் பண்ணின ஒரு மார்க் ஷீட் மட்டும் இன்னும் கைக்கு வரல. திங்கட்கிழமை லீவு சொல்லியாச்சு, அபிஷேகப்பட்டியில இருக்க மனோன்மணியம் சுந்தரனார் யூனிவர்சிட்டி ஆபீஸுக்கே போய்க் கேக்கப் போறேன். வக்கீல் சார், கேரளத் தேர்வுக்குப் பழைய கேள்வித்தாள் எங்க வாங்கலாம்?

குழித்துறை வக்கீல்:
கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் இணையதளத்துல தேடிப் பாருங்க. அங்க கிடைக்கலன்னா திருவனந்தபுரம் பாளையம் பக்கம் புத்தகக் கடையில கேளுங்க.