அலாஸ்கா க்ரூஸ்: திமிங்கலம், கரடி, க்ளேசியர் மூணும் பாக்கணும், எதை காசு குடுத்து புக் பண்றது?

ஜன்னலோர சீட்டு:

ஜூன் கடைசி வாரம் சியாட்டில்ல இருந்து 7 நாள் அலாஸ்கா க்ரூஸ் போட்டாச்சு. ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன், நடுவுல ஒரு நாள் க்ளேசியர் பே (க்ளேசியர்ங்கற பனியாறுங்க இறங்குற விரிகுடா), கடைசில கனடால விக்டோரியா. நான், வீட்டுக்காரர், 7 வயசு பையன், மாமனார் மாமியார். மாமனாருக்கு முட்டி வலி, பத்து நிமிஷம் நடந்தா உக்கார இடம் தேடுவார். கப்பல் ஆப்புல எக்ஸ்கர்ஷன் லிஸ்ட்ட திறந்தா தலை சுத்துது, ஹெலிகாப்டர்ங்கறான், ஃப்ளோட் ப்ளேன்ங்கறான், நாய் இழுக்குற வண்டிங்கறான், எல்லாமே "வாழ்நாள் அனுபவம்"னு போட்டிருக்கான். அஞ்சு பேருக்கு பெருக்கிப் பாத்தா க்ரூஸ் டிக்கெட்ட விட இது ஜாஸ்தியா வரும் போல. எங்களுக்கு ஒண்ணோ ரெண்டோ தான் கட்டும். க்ளேசியர் டூர் எடுக்கவா, திமிங்கலத்துக்கு போகவா? கரடி எங்க தெரியும்? கப்பல்லயே புக் பண்ணனுமா, வெளிய பண்ணலாமா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மழைக்கோட்டு:

ரெண்டு தடவை போயிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க. உங்க ரூட்ல க்ளேசியர் பே இருக்குல்ல, அப்ப க்ளேசியருக்குன்னு தனியா காசு கரைக்காதீங்க. அன்னிக்கு கப்பல் எங்கயும் கரைக்கு போகாது, நாள் பூரா அந்த பே உள்ளயே மெதுவா சுத்தும், பார்க் ரேஞ்சர்ஸ் சின்ன போட்ல வந்து கப்பல்ல ஏறி மைக்ல விளக்கம் சொல்லிட்டே வருவாங்க. ஒரு நாளைக்கு பெரிய கப்பல் ரெண்டுக்கு மேல உள்ள விட மாட்டாங்க, அந்த அனுமதி கிடைச்ச கப்பல்ல நீங்க இருக்கீங்கங்கறதே பெரிய விஷயம். 1794ல கேப்டன் வான்கூவர்னு ஒரு கடல் ஆய்வாளர் கூட வந்தவங்க பாத்தப்ப இந்த பேயே கிடையாது, வாசல்ல லேசா ஒரு வளைவு, அதுக்கு மேல முழுக்க ஐஸ் சுவர். இப்ப மார்ஜரி க்ளேசியர் முன்னாடி போய் நிக்கணும்னா அந்த வாசல்ல இருந்து கிட்டத்தட்ட 65 மைல் உள்ள போகணும். ரேஞ்சர் இதை சொல்லும்போது நாங்க ரெண்டு பக்கமும் பச்சைக் காட்டை பாத்துட்டே நின்னோம், இங்கெல்லாம் ஐஸ் இருந்துச்சான்னு நம்பவே முடியல.

மார்ஜரி பக்கத்துலயே க்ராண்ட் பசிஃபிக்னு இன்னொரு க்ளேசியர் இருக்கு, மேல மண்ணும் கல்லும் மூடி கரேல்னு இருக்கும், நான் முதல் தடவை ஏதோ மண் சரிஞ்ச மலைன்னு நினைச்சு போட்டோவே எடுக்கல 🙂 மார்ஜரில ஐஸ் உடைஞ்சு விழும்போது முதல்ல சத்தமே இல்லாம ஒரு பாளம் கழண்டு விழுறது தெரியும், அப்புறம் தான் இடி மாதிரி சத்தம் வரும். சத்தம் கேட்டு திரும்பினா போச்சு, அதனால ஐஸ் மேலயே கண்ண வெச்சுக்கோங்க. எந்தப் பக்கம் கேபின்னு கவலைப்படாதீங்க, கப்பல் அங்க நின்னு திரும்பும், ரெண்டு பக்கமும் தெரியும்.

ஆக காசு போடறதுன்னா ஜூனோல திமிங்கலத்துக்கு போடுங்க, அதுவும் சின்ன போட்டா பாத்து.

மேகமூட்டம்:

//க்ளேசியருக்குன்னு தனியா காசு கரைக்காதீங்க// இதை நான் ஒத்துக்க மாட்டேன். டெக்ல நின்னு தூரத்துல பாக்குறது வேற, ஐஸ் மேல கால் வைக்கிறது வேற. ஜூனோல ஹெலிகாப்டர்ல ஏறி க்ளேசியர் மேல இறங்கினோம், நம்ம ஷூ மேலயே மாட்டிக்க ஒரு பூட்ஸ் குடுத்தாங்க, ஐஸ்ல ஒரு பிளவு, உள்ள எட்டிப் பாத்தா அப்படி ஒரு நீலம், யாரோ அடியில லைட் போட்டு வெச்ச மாதிரி. ஆளுக்கு 300 டாலருக்கு மேல ஆச்சு, ஆனா இன்னிக்கு வரைக்கும் வீட்ல பேசுறது அதைப் பத்தி மட்டும் தான்.

உப்புக்காத்து:

உங்களுக்கு வெயில் அடிச்சுது ப்ரோ, அதான் இப்படி பேசுறீங்க 😄 எங்க கதைய கேளுங்க. அதே ஹெலிகாப்டர் தான், ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணி, பொண்ணுகிட்ட தினம் அதைப் பத்தியே பேசி, அன்னிக்கு இறங்கினா மேகம் மலை இடுப்பு வரைக்கும் தொங்குது. முக்கா மணி நேரம் உக்கார வெச்சுட்டு கேன்சல்னு சொல்லிட்டாங்க. காசு முழுசா திரும்ப வந்துருச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா அதுக்கப்புறம் திமிங்கல போட் எல்லாம் ஃபுல். சாயந்திரம் வரைக்கும் கடை கடையா ஏறி இறங்கி காந்தம் வாங்கினோம், ஃப்ரிட்ஜ் கதவுல இப்ப இடமில்ல. அது மழைக்காடு ஊரு, மேகம் இறங்கினா பறக்க மாட்டாங்க, பறக்கவும் கூடாது. வேணும்னா ஹெலிகாப்டரை காலைல போட்டு திமிங்கலத்தை மத்தியானம் போடுங்க, ஒண்ணு கவுத்தாலும் இன்னொண்ணு கைல இருக்கும். மாமனாரை அந்த முட்டி வலியோட ஐஸ் மேல நடக்க விடாதீங்க, அது மட்டும் உறுதியா சொல்வேன்.

ஜன்னலோர சீட்டு:

ஹெலிகாப்டர் வேண்டாம்னு வீட்டுக்காரர் இப்பவே தலையாட்டிட்டார், பட்ஜெட் தான் காரணம் ஆனா உயரம்னா பயம்னு எனக்கு தெரியும். திமிங்கல போட்ல வயசானவங்க உக்கார வசதி, பாத்ரூம் எல்லாம் இருக்குமா? திமிங்கலம் தெரியலைன்னா என்ன பண்றது? ஜூனோல மென்டன்ஹால் க்ளேசியரும் பாத்துடலாமா?

மழைக்கோட்டு:

சீட்டு உள்ள, ஹீட்டரோட இருக்கும், பாத்ரூமும் அனேகமா எல்லாத்துலயும் இருக்கும், புக் பண்றப்ப ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கப்பல் நிக்கிற இடத்துல இருந்து பஸ்ல ஆக் பே போய் அங்க தான் போட் ஏறணும், சுத்தி தீவா இருக்கறதால தண்ணி பெரும்பாலும் அடங்கி இருக்கும், வாந்தி பயம் கம்மி. கோடையில இங்க வர்ற ஹம்ப்பேக்ங்கற திமிங்கலத்துல பெரும்பாலானது ஹவாய்ல குளிர்காலத்தை கழிச்சுட்டு அங்க சரியா சாப்பிடாம வந்தது, அலாஸ்கால வாய மூடாம தின்னுட்டே இருக்கும், அதனால ஜூன் கடைசில திமிங்கலம் தெரியாம திரும்பி வர்றது அபூர்வம். சில கம்பெனி தெரியலைன்னா கொஞ்சம் காசு திருப்பி தர்றதா போட்டிருப்பாங்க. சட்டப்படி 100 கெஜத்துக்குள்ள போட்டை கொண்டு போகக்கூடாது, எஞ்சினை அடக்கிட்டு காத்திருப்பாங்க, சில நேரம் அதுவா கிட்ட வரும். எங்களுக்கு ஒண்ணு அப்படி வந்து புஸ்ஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு, காத்து எங்க பக்கம் அடிச்சுது, அழுகின மீன் கூடைய மூஞ்சில கவுத்த மாதிரி நாத்தம், என் பையன் ரெண்டு நாளைக்கு அதையே சொல்லி சிரிச்சான். கூட்டமா சேந்து தண்ணிக்கடியில வளையமா குமிழி விட்டு மீனை நடுவுல ஒதுக்கி, எல்லாம் ஒரே நேரத்துல வாயத் திறந்துட்டு மேல வரும், அது தெரிஞ்சா உங்க அதிர்ஷ்டம், அதை எதிர்பார்த்து போகாதீங்க.

மென்டன்ஹாலுக்கு அதே பஸ் வழியில சேத்து போற காம்போ டூர் இருக்கு, உங்களுக்கு அது தான் சரி. தனி ஷட்டில்னா டிக்கெட் தீந்து போற நாள் உண்டு. மாமனாருக்கு ஃபோட்டோ பாயின்ட்னு ஒரு பாதை இருக்கு, மைல்ல மூணுல ஒரு பங்கு, சமதளம், வீல்சேரே போகும். நீங்களும் பையனும் நகட் ஃபால்ஸ் போங்க, போய் வர 2 மைல், ஏத்தம் கிடையாது. அருவி 377 அடி, கிட்ட போனா சாரல் அடிக்கும். க்ளேசியர் வருஷா வருஷம் பின்னாடி போய்ட்டே இருக்கு, பழைய போட்டோ பாத்துட்டு போகாதீங்க.

சால்மன் சீசன்:

கரடிய பத்தி யாருமே சொல்லல. கரடி மீன் பின்னாடி வரும், மீன் ஜூலை நடுவுல இருந்து தான் ஓடைல ஜாஸ்தி ஏறும், ஆகஸ்ட்ல போனா கெட்சிகன் பக்கம் நல்லா தெரியும். ஜூன் கடைசில கரடிக்குன்னு ப்ளேன் ஏறி போறது என்னைக் கேட்டா வேஸ்ட். அதுக்கு பதிலா க்ளேசியர் பேல பைனாகுலரோட கரையை பாருங்க, சில நேரம் கரடி கல்லைப் புரட்டிட்டு நிக்கும். க்ளூமி நாப்னு ஒரு பாறை வரும், வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியும், நகருற புள்ளி எல்லாம் மலை ஆடு. பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெருசா காட்டுறது) எடுங்க, 10x ஆடுற கப்பல்ல கை நடுக்கத்தோட சேந்து தலைவலி தான்.

ஸ்காக்வேல ரயில் போங்க, மாமனார் மாமியாருக்கு உக்காந்த இடத்துலயே மலை. 1898ல தங்கம் தேடி போன கூட்டத்துக்காக ஆரம்பிச்ச லைன், 20 மைல்ல 2,865 அடி ஏறும். போறப்ப இடது பக்கம் நல்லா இருக்கும், வர்றப்ப பக்கம் மாத்தி உக்கார சொல்வாங்க.

உப்புக்காத்து:

புக்கிங் கேட்டீங்கல்ல, வெளிய பண்ணா சின்ன போட் கிடைக்கும், விலையும் குறையலாம், ஆனா லேட்டானா கப்பல் உங்களுக்காக நிக்காது. கப்பல் டூர்ல லேட்டானா அவங்க பொறுப்பு. ஜூனோல நேரம் நிறைய இருந்தா வெளிய பண்ணலாம். அப்புறம் அலாஸ்கா நேரம் சியாட்டிலை விட ஒரு மணி நேரம் பின்னாடி, கப்பல் கடிகாரத்தை பாருங்க, போன் சிக்னல் மாறி மாறி வந்து எங்களை ஒரு தடவை ஓட வெச்சிருக்கு.

இந்திய பாஸ்போர்ட்னா விக்டோரியால நிக்கிறதால கனடா விசா பாத்துக்கோங்க, அமெரிக்க விசா மல்டிபிள் என்ட்ரியாவும் இருக்கணும். ராத்திரி நாலு மணி நேரம் நிக்கிற ஊருக்கு எதுக்குடா விசான்னு கேக்காதீங்க, வெளிநாட்டு கொடி கப்பல் அமெரிக்கால ஏத்தி அமெரிக்காலயே இறக்கணும்னா நடுவுல வெளிநாட்டுல நிக்கணும்னு 1886ல இருந்து சட்டம்.

ஜன்னலோர சீட்டு:

அய்யோ, மாமனார் மாமியாருக்கு கனடா விசா இல்லவே இல்ல!! நல்லவேளை சொன்னீங்க, இன்னிக்கே அப்ளை பண்ண உக்காரணும். ஜூனோல காம்போ, ஸ்காக்வேல ரயில், கெட்சிகன்ல சும்மா நடக்கறது, இப்படி முடிவு பண்ணிட்டோம். பையனுக்கு க்ளேசியர் பேக்கு ஜாக்கெட் மட்டும் போதுமா?

மழைக்கோட்டு:

க்ளவ்ஸ், குல்லா, மழைக்கு ஒண்ணு மேல. ஐஸ் மேல இருந்து வர்ற காத்து ஜூன்லயும் குத்தும். ரெண்டு ஜோடி க்ளவ்ஸ் எடுங்க, ஒண்ணு கண்டிப்பா ரெய்லிங்ல இருந்து தண்ணில விழும்.