0எக்ஸ்சி000007பி எரர்: டிஎல்எல் ஃபைலைப் போட்ட பிறகும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை

கேள்வி:
விண்டோஸ் 10, 64 பிட். ஒரு பில்லிங் சாஃப்ட்வேரின் புதிய வெர்ஷனை இன்ஸ்டால் செய்ததும் விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை என்று மெசேஜ் வந்தது. டிஎல்எல் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோட் ஃபைல்) தரும் ஒரு தளத்திலிருந்து அதை எடுத்து விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் வைத்தாயிற்று. அந்த மெசேஜ் போய், இப்போது 0எக்ஸ்சி000007பி என்று வந்து நின்றுவிடுகிறது. விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினால் குறை எதுவும் இல்லை என்கிறது. விண்டோஸையே மறுபடி போட வேண்டுமா?

பதில் 1:
விண்டோஸைத் தொடவே வேண்டாம். அந்த எரருக்கு அர்த்தம், ஃபைல் இருக்கிறது, ஆனால் அதன் வடிவம் பொருந்தவில்லை என்பது. பத்துக்கு ஒன்பது முறை 64 பிட் புரோகிராமின் கையில் 32 பிட் டிஎல்எல் சிக்கியிருக்கும். பெயர்களும் குழப்பும்: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32-ல் இருப்பவைதான் 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் சிஸ்வவ்64 ஃபோல்டரில் இருக்கும்.

முதலில் நீங்கள் வைத்த ஃபைலை சிஸ்டம்32-லிருந்து நீக்குங்கள். இதை விட்டுவிட்டு நேராக இன்ஸ்டாலரை ஓட்டினால் பலன் இல்லாமல் போகலாம். அதே வெர்ஷனோ அதைவிடப் புதியதோ ஏற்கெனவே அங்கே இருந்தால் விண்டோஸ் இன்ஸ்டாலர் அதன் மேல் எழுதாது. நீக்கிய பிறகு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை (இந்த டிஎல்எல்கள் அடங்கிய ரன்டைம் தொகுப்பு) எடுத்து எக்ஸ்64 (64 பிட்), எக்ஸ்86 (32 பிட்) இரண்டையும் போடுங்கள். 2015, 2017, 2019, 2022 எல்லாவற்றுக்கும் ஒரே தொகுப்புதான். புதியது பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 2008, 2010, 2013 தனித்தனி. பட்டியலில் நிறைய இருக்கிறதே என்று அவற்றை அழித்துவிடாதீர்கள், வேறு ஏதாவது சாஃப்ட்வேர் படுத்துவிடும்.

எஸ்எஃப்சி விண்டோஸின் சொந்த ஃபைல்களை மட்டும்தான் பார்க்கும். இந்த ரன்டைம் அதில் சேர்த்தி இல்லை.

கேட்டவர்:
நன்றி, திறந்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட் பகுதியைத் தொட்டதும் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. மெசேஜ் எதுவும் வரவில்லை.

பதில் 2:
மெசேஜ் வராவிட்டாலும் பதிவு இருக்கும். ஈவன்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போய், மூடிக்கொண்ட நேரத்தில் உள்ள 1000 எண் ஈவன்ட்டைத் திறங்கள். எந்த மாட்யூலில் விழுந்தது, அதன் வெர்ஷன், அது இருக்கும் ஃபோல்டர் மூன்றையும் அப்படியே இங்கே போடுங்கள்.

கேட்டவர்:
மாட்யூல் எம்எஸ்விசிபி140.டிஎல்எல், வெர்ஷன் 14.29-இல் தொடங்குகிறது. எக்ஸப்ஷன் கோட் 0எக்ஸ்சி0000005. ஃபோல்டர் சிஸ்டம்32 இல்லை, சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரையே காட்டுகிறது.

பதில் 2:
அப்படியானால் ஆளைப் பிடித்துவிட்டோம். விண்டோஸ் ஒரு டிஎல்எல்லைத் தேடும்போது புரோகிராமின் சொந்த ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும், பிறகுதான் சிஸ்டம்32. பழைய வெர்ஷனோடு வந்த 14.29 (மைக்ரோசாஃப்டின் புரோகிராம் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவின் 2019 காலத்தது) அங்கேயே உட்கார்ந்திருப்பதால், நீங்கள் புதிதாகப் போட்ட ரன்டைமை சாஃப்ட்வேர் எட்டிப்பார்ப்பதே இல்லை.

இது ஏன் விழ வைக்கிறது? விஷுவல் ஸ்டுடியோ 2022-இன் 17.10-இல், அதாவது 14.40 தொகுப்பில், மியூடெக்ஸ் (ஒரே தரவை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் தொடாமல் தடுக்கும் பூட்டு) உருவாகும் முறையை மாற்றினார்கள். அதில் கம்பைல் செய்த கோட், பழைய எம்எஸ்விசிபி140-ஐப் பிடித்து மியூடெக்ஸைப் பூட்டப் போனால் அந்த இடத்திலேயே விழும். ரிப்போர்ட் மாட்யூலை மட்டும் புதிய கம்பைலரில் செய்திருப்பார்கள் என்பது என் ஊகம். மற்றப் பகுதிகள் ஓடுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். பழைய கோட் புதிய ரன்டைமில் ஓடும். ஆனால் புதிய கோட் பழைய ரன்டைமில் ஓடும் என்று நம்ப முடியாது.

சாஃப்ட்வேரை மூடிவிட்டு, அதன் ஃபோல்டரில் எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140, விசிரன்டைம்140_1 என்று இருப்பவற்றை எல்லாம் சேர்த்து வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் நகர்த்தினால் பழையதும் புதியதும் கலந்து புதுத் தலைவலி. அழிக்க வேண்டாம், திரும்ப வைக்க வேண்டி வரலாம். பிறகு திறந்தால் சிஸ்டம்32-ல் உள்ளதை எடுத்துக்கொள்ளும்.

பதில் 3:
ஒரு புரோகிராம் 32 பிட்டா 64 பிட்டா என்று ஓட்டாமலே பார்க்க: இஎக்ஸ்இ மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி டேப். அந்தப் பட்டியலில் விண்டோஸ் 95 இருந்தால் 32 பிட். விஸ்டாவிலிருந்து தொடங்கினால் 64 பிட்.

எந்த டிஎல்எல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க டிபெண்டன்சீஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி போதும். பழைய டிபெண்டன்சி வாக்கரை விண்டோஸ் 10-இல் நம்பாதீர்கள். ஏபிஐ-எம்எஸ்-வின் என்று தொடங்கும் பெயர்கள் அதற்குப் புரியாது, குறையே இல்லாத இடத்திலும் வரிசையாகக் குறை காட்டும்.