அண்ணன் என்று எழுதவா, சகோதரன் என்று எழுதவா?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சின் கிளேர்வோ துறவு மடத்துக்குத் தலைவராக இருந்த புனித பெர்நார்தின் மறையுரைகளை எங்கள் வாசிப்புக் குழுவுக்காக இரண்டு வருடமாகத் தமிழாக்கி வருகிறேன். இலத்தீன் மூலமும் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பும் மேசையில் இருக்கும். இறையியல் சொற்கள்தான் படுத்தும் என்று பயந்திருந்தேன். அவற்றில் பலவற்றுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது, இல்லாவிட்டாலும் விளக்கிவிடலாம். நான் ஒரு மாதம் நகராமல் உட்கார்ந்திருந்தது 'ஃபிராத்தெர்', அதாவது கூடப் பிறந்தவன், என்ற சாதாரணச் சொல்லில்.

விவிலியத்தில் மணமகளும் மணமகனும் பாடும் காதல் நூலான இனிமைமிகு பாடலுக்கு அவர் விளக்கம் சொல்லத் தொடங்கியது 1135-இல். 1153-இல் இறக்கும்போது 86 மறையுரைகள் முடிந்திருந்தன. எட்டு அதிகாரம் உள்ள பாடலில் மூன்றாம் அதிகாரத்தின் வாசலுக்குத்தான் வந்திருந்தார். அவ்வளவு நிதானமாகப் போகிறவர் 26-ஆம் உரையில் நிலைகுலைகிறார். கேதாரின் கூடாரங்கள் என்ற வரிக்கு வழக்கம்போல் பொருள் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்திவிடுகிறார். எத்தனை நேரம்தான் நடிப்பேன், உள்ளே நெருப்பு எரிகிறதே என்கிறார். அவருடன் பிறந்த ஜெரார்டு 1138-இல் இறந்துவிட்டார். அடக்கச் சடங்கைப் பெர்நார்தே நடத்தினார். சுற்றி நின்ற எல்லாரும் அழ, அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அடக்கி வைத்தது மொத்தமும் இந்த உரையின் நடுவில் உடைகிறது.

ஜெரார்டுதான் மடத்தின் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்டவர். கொத்தனார், கொல்லர், உழவர், தோட்டக்காரர், செருப்புத் தைப்பவர், நெசவாளர் எல்லாருக்கும் அவரிடம் யோசனை கேட்கும் அளவுக்கு வேலை தெரிந்தவர் என்று பெர்நார்து பெருமையோடு சொல்கிறார். அந்தப் பட்டியலைத் தமிழாக்கியபோது எனக்கே அவரைப் பார்த்துப் பழகிய மாதிரி இருந்தது.

சரி, என் சிக்கலுக்கு வருகிறேன். ஜெரார்டு பெர்நார்துக்கு மூத்தவர். இலத்தீனில் மூத்தவனும் ஃபிராத்தெர், இளையவனும் ஃபிராத்தெர், மடத்தில் இருக்கும் எல்லாத் துறவியும் ஃபிராத்தெர். தமிழில் கூடப் பிறந்தவனைக் கூப்பிட வயது சொல்லாத வீட்டுச் சொல் கிடையாது. முதலில் 'சகோதரன்' என்று போட்டேன். வாசித்துப் பார்த்தால் கோவில் அறிவிப்பு போல இருந்தது. அழுகிற மனிதர் அதில் இல்லை. 'அண்ணன்' என்று மாற்றியதும் அவர் குரல் கேட்டது. ஆனால் இன்னொரு தயக்கம்: மடத்தில் தம்பிதான் தலைவர், அண்ணன் அவருக்குக் கீழ்ப்பட்டவர். உறவு குழம்பாதா? அந்த இடத்தைப் பெர்நார்தே ஒரு வரியில் சொல்லி வைத்திருக்கிறார். இரத்தத்தில் அண்ணன், துறவற வாக்கில் மகன், என்னைப் பார்த்துக்கொண்டதில் தகப்பன். 'அண்ணன்' என்று வந்த பிறகுதான் அடுத்து வரும் 'மகன்' சுருக்கென்று தைத்தது. மூலத்தைவிடத் தமிழில் கூர்மையாக விழுந்த ஒரே வரி அது என்று நினைக்கிறேன்.

அப்புறம் நீயா, நீங்களா? என் அம்மா தன் அண்ணனைக் கடைசிவரை 'நீங்க' என்றுதான் சொன்னார். பாடை எடுத்த அன்று, 'என்னை விட்டுட்டுப் போயிட்டியே அண்ணே' என்று ஒருமையில் கதறினார். அது ஞாபகம் வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். துறவிகளிடம் ஜெரார்டைப் பற்றிப் பேசும்போது 'அவர்'. இறந்தவரைப் பார்த்தே பேசும்போது 'நீ'.

* * *

நானும் பெர்நார்தைத் தமிழாக்குகிறேன்; அண்ணன் விஷயம் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. எனக்கு இடறியது விவிலிய மேற்கோள். நீங்கள் இனிமைமிகு பாடல் என்பது எங்கள் வீட்டில் 'உன்னதப்பாட்டு'. அதன் தொடக்கத்தில் நம் விவிலியங்கள் எபிரேயத்தைப் பின்பற்றி 'உமது நேசம்' என்றோ 'உமது காதல்' என்றோ சொல்கின்றன. பெர்நார்து கையில் இருந்த இலத்தீன் விவிலியத்தில் அந்த இடத்தில் இருப்பது மார்பகங்கள்: அவை திராட்சை இரசத்திலும் மேலானவை. 9-ஆம் உரையில் அவர் அதை வைத்துத்தான் வீடு கட்டுகிறார். மணமகனான கிறிஸ்துவின் இரண்டு மார்புகள் என்றால், பாவிக்காகக் காத்திருக்கும் பொறுமை ஒன்று, திரும்பி வந்தவனை ஏற்கும் இரக்கம் மற்றொன்று. நான் பழக்கதோஷத்தில் நம் வசனத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டேன். வாசித்தவர் ஒருவர் போன் செய்து, "நேசம் என்று ஆரம்பித்துவிட்டு இரண்டு மார்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து வசனங்களையும் பெர்நார்தின் இலத்தீனிலிருந்தே மொழிபெயர்த்து, முன்னுரையில் ஒருமுறை காரணம் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சொல்லையே மென்மையாக்கச் சொன்னவர்களும் உண்டு. நான் சம்மதிக்கவில்லை. துறவிகள் நடுவே நின்று ஒரு துறவி கடவுளின் கருணையைத் தாய்ப்பாலாகப் பார்க்கிறார். அதை மூடினால் உரையில் மிஞ்சுவது நல்லொழுக்க போதனைதான்.

* * *

உங்கள் இருவரையும் போல நானும் பெர்நார்தைத் தமிழாக்குகிறேன். நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம்: உரக்க வாசிக்காமல் ஒரு பத்தியையும் முடிக்கக்கூடாது. 36-ஆம் உரையில் பெர்நார்து, உங்களில் சிலர் கொட்டாவி விடுகிறீர்கள், சிலர் தூங்குகிறீர்கள், நேற்றிரவு விழிப்பு வழிபாடு மிக நீளம்தான் என்று மன்னித்துவிட்டு, வழிபாட்டிலும் தூங்கியவர்களை மட்டும் பிடிக்கிறார். 'கருத்துக்குத் தேவையில்லை, வெட்டிவிடுங்கள்' என்று எனக்குச் சொல்லப்பட்டது. வெட்டவில்லை. எங்கள் கூட்டத்தில் வாசித்தபோது, அத்தனை நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எண்ணூறு வருடத்துக்கு மேற்பட்ட தூரம் ஒரு கொட்டாவியில் குறைந்துபோனது.

காதால் கேட்டுத்தான் 15-ஆம் உரையும் பிடிபட்டது. இயேசுவின் பெயர் வாயில் 'மெல்', செவியில் 'மெலோஸ்', நெஞ்சில் 'யூபிலுஸ்' என்கிறார். முதல் இரண்டும் ஓசையில் அக்கா தங்கை: தேன், இசை. 'வாயில் தேன், செவியில் பாட்டு' என்று எழுதினால் பொருள் சரி, மணி ஒலிக்கவில்லை. ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தபோது 'வாயில் தேன், செவியில் தேனிசை' என்று தானாக வந்தது. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாவதற்கு இப்போதைக்கு 'நெஞ்சில் களிப்பு' என்று வைத்திருக்கிறேன். அது தட்டையாகத்தான் இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி. தேனிசை அருமை. மூன்றாவதற்கு 'குலவை' என்று போட்டுப் பாருங்களேன். யூபிலுஸ் என்பது சொல்லுக்குள் அடங்காத மகிழ்ச்சி எழுப்பும் சத்தம்தானே, குலவையிலும் சொல் கிடையாது. பெண்கள் இடுவதாயிற்றே, துறவியின் நெஞ்சுக்கு ஒட்டுமா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் பாடலைத் தொடங்குகிறவளே மணமகள்தான். பெர்நார்தும் தன் ஆன்மாவை அவள் இடத்தில் வைத்துத்தான் பேசுகிறார்.