மறு: ‘ரெப்ரசென்டேஷன்’ – ஒற்றைச் சொல் வேண்டாமே

வணக்கம்.

கலை விமர்சனச் சொற்பட்டியலில் ‘ரெப்ரசென்டேஷன்’ என்பதற்கு ‘உருச்சார்பு’ என்று வைத்துவிடலாம் என்ற யோசனையை முந்தைய மடலில் பார்த்தேன். சுருக்கமாக இருக்கிறது, சரி. ஆனால் இனம் பற்றிய கலைக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்தால் அந்தச் சொல் முதல் பத்தியிலேயே காலை வாரிவிடும். என் ஓட்டு ஏற்கெனவே புழங்கும் இரண்டு சொற்களுக்குத்தான்: சித்தரிப்பு (ஒருவரைப் படைப்பில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பது), பிரதிநிதித்துவம் (அவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது).

1969இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஹார்லெம் பகுதியைப் பற்றிப் பெரிய கண்காட்சி ஒன்று வைத்தது. சுவர் அளவுக்குப் பெரிதாக்கிய புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் கறுப்பின மக்களின் வாழ்க்கை. ஆனால் அங்கே இருந்து வேலை செய்த கறுப்பின ஓவியர்கள், சிற்பிகளின் படைப்பு ஒன்றுகூட உள்ளே இல்லை. பென்னி ஆண்ட்ரூஸ் போன்ற கலைஞர்கள் பதாகை பிடித்து வாசலில் நின்றார்கள். சித்தரிப்புக்குப் பஞ்சமில்லை, பிரதிநிதித்துவம்தான் பூஜ்யம்.

2017இல் அதே ஊரில், விட்னி அருங்காட்சியகம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தும் பியென்னாலே கண்காட்சியில் கதை வேறு. 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்துச் சுட்டுக் கொன்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் சவப்பெட்டியில் கிடப்பதை டேனா ஷுட்ஸ் என்ற வெள்ளையின ஓவியர் வரைந்திருந்தார். மகனுக்கு என்ன செய்தார்கள் என்று ஊரே பார்க்கட்டும் என அன்று பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னவர் அவனுடைய அம்மா. பார்க்கர் பிரைட் என்ற கறுப்பினக் கலைஞர் அந்த ஓவியத்துக்கு முன்னால் மறித்து நின்றார். ஹன்னா பிளாக் என்ற கலைஞர் எழுதிய திறந்த மடல் ஓவியத்தை அழித்துவிடவே சொன்னது. கலைஞரும் எழுத்தாளருமான கோகோ ஃபுஸ்கோ அந்தக் கோரிக்கையை எதிர்த்து எழுதினார் (எனக்கு அவர் வாதம்தான் ஒப்புதல், அது தனி இழைக்கான விஷயம்). இத்தனைக்கும் போலீஸ் சுட்டுக் கொன்ற ஃபிலாண்டோ காஸ்டீலை ஹென்றி டெய்லர் என்ற கறுப்பின ஓவியர் வரைந்ததும் அதே கண்காட்சியில் இருந்தது. ஆகவே யாருக்கு எத்தனை இடம் என்பதல்ல அங்கே தகராறு, யாருடைய சாவை யார் வரைவது என்பதுதான்.

இந்த இரண்டுக்கும் ‘உருச்சார்பு’ என்றே எழுதினால் வாசகருக்கு என்ன பிடிபடும்? ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லில் கலந்து கிடப்பதை இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக் 1988இல் வந்த ஒரு கட்டுரையிலேயே சுட்டிக்காட்டி, மார்க்ஸின் ஜெர்மனில் இரண்டு தனிச் சொற்கள் இருப்பதை எடுத்துக்காட்டினார். நமக்கும் இரண்டு இருக்கும்போது எதற்கு வலிந்து ஒன்றாக்க வேண்டும்?

‘பிரதிநிதித்துவம்’ வடமொழி, தூக்கிவிடலாம் என்பவர்களுக்கு: ‘சித்தரிப்பு’ம் ‘சித்திர’த்திலிருந்து வந்ததுதான், அதை யாரும் தூக்கச் சொல்லக் காணோம். தவிர, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்று நீதிக்கட்சிக் காலத்திலிருந்து கேட்டுப் பழகிய காது நம்முடையது. அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘எத்தனை இடம், யாருக்கு’ என்ற கேள்வி தானாக எழும். அருங்காட்சியகங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதானே.

ஒரு சிக்கல் மிச்சம். ஆல்மா தாமஸ் 1972இல் விட்னியில் தனிக்கண்காட்சி நடத்தினார். அங்கே தனிக்கண்காட்சி வைத்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான். வரைந்ததெல்லாம் அருவ ஓவியம், வண்ணத் தீற்றல்கள். யாரையும் சித்தரிக்கவில்லை, ஆனாலும் பார்க்கிறவர்கள் அவரை ஓர் இனத்தின் ஆளாகவே பார்த்தார்கள். ஒரு கலைஞர் என்ன செய்தாலும் தன் இனம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்கிற அந்த எதிர்பார்ப்புக்கு விமர்சகர்கள் ‘பர்டன் ஆஃப் ரெப்ரசென்டேஷன்’ என்பார்கள். அதற்கு ‘பிரதிநிதிச் சுமை’ என்று போடலாமா? ‘பிரதிநிதித்துவச் சுமை’யைவிட வாயில் நுழைகிறது. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், பட்டியலை அடுத்த வாரம்தான் அனுப்பப் போகிறோம்.