ஓமன்: ஜபல் அக்தருக்குச் சாதா கார் போதுமா?

மலர்விழி_கோவை
பிப்ரவரியில அப்பா, அம்மாவோட ஓமன் போகலாம்னு இருக்கோம். துபாய் பார்த்தாச்சு, கண்ணாடிக் கட்டடம் போதும்னு அப்பா சொல்லிட்டார். மஸ்கட், நிஸ்வா, ஜபல் அக்தர் மலை, பாலைவனத்துல ஒரு ராத்திரி. இதுதான் திட்டம். கார் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டப்போறோம். நாடோடி_நரேன் போன வாரம் இங்க எழுதினதுல, "ஜபல் அக்தருக்கு ஃபோர்வீல் வண்டி (இன்ஜின் நாலு சக்கரத்தையும் சுத்தற வண்டி) கட்டாயம்ங்கறது வாடகைக் கம்பெனிக்காரங்க கட்டிவிட்ட கதை. உச்சி வரைக்கும் தார் ரோடு. சாதா கார் தாராளம்"னு இருந்துச்சு. வாடகையில நல்ல வித்தியாசம் வருது, அதான் கேக்கறேன். அப்புறம், அம்மா முட்டைகூடத் தொடமாட்டாங்க. சாப்பாட்டுக்கு என்ன வழி?

ரூவி_அண்ணாச்சி
அதைப் படிச்ச அன்னைக்கே எழுதணும்னு நெனச்சேன், டூட்டி முடிஞ்சு வந்து அசந்துட்டேன். ஏம்மா, அதை நம்பிப் போயிராதீங்க. பிர்கத் அல் மௌஸ் ஊரைத் தாண்டி மலை ஏறுற இடத்துல ராயல் ஓமன் போலீஸ் செக்போஸ்ட் இருக்கு. லைசென்ஸையும் முல்கியாவையும் வாங்கிப் பாப்பான். முல்கியான்னா நம்மூரு ஆர்.சி. மாதிரி. ஃபோர்வீல் இல்லேன்னா திரும்பிப் போன்னு கையைக் காட்டிருவான். கத்தமாட்டான், சிரிச்ச மொகமாத்தான் அனுப்புவான், ஆனா அனுப்பிருவான். தார் ரோடா மண் ரோடாங்கறது பேச்சே இல்ல. செக்போஸ்ட் இருக்கு. முடிஞ்சு போச்சு.

நாடோடி_நரேன்
அண்ணாச்சி வந்துட்டார், எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. ப்ரோ, நான் எழுதினது ரோட்டைப் பத்தி. நல்ல அகலமான தார் ரோடு, நம்ம மலைப்பாதை எதுவும் கிட்ட நிக்காது. மேல சைக் பீடபூமியில பெட்ரோல் பங்க்ல வெள்ளை கரோலா நின்னுச்சு, சாதா கார்தான். போட்டோவே போட்டிருக்கேன். அது என்ன பறந்தா போச்சு?

ரூவி_அண்ணாச்சி
அது யாரு வண்டி, எப்ப ஏத்துனது, எப்படி ஏத்துனதுன்னு உமக்குத் தெரியுமா? மேல ஊரு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, ஆளுக குடியிருக்காக. ஒரு வண்டி நின்னா அது சட்டமாயிருமா? சரி, அதை விடும். நீரு எந்த வண்டியில போனீரு? அதைச் சொல்லும் மொதல்ல.

நாடோடி_நரேன்
நண்பரோட பிராடோ. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ரூவி_அண்ணாச்சி
பிராடோ! அது ஃபோர்வீல் வண்டி, கேட்டுக்கோங்க எல்லாரும். இவரு பிராடோவுல ஏறிட்டு ஊருக்கு மட்டும் சாதா கார் போதும்னு உபதேசம்.

கியர்_கணேசன்
ரெண்டு பேரும் விஷயத்தை விட்டுட்டீங்க. ஏறுறது பிரச்சினையே இல்ல, எந்தக் காரும் ஏறும். இறங்கும்போதுதான் வினை. மேல 2000 மீட்டர். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல சரிவு. தெரியாதவன் பிரேக்கிலயே காலை வெச்சுக்கிட்டு வருவான், டிஸ்க் சூடேறி, ஆயில் கொதிச்சு, மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். அதுக்குத்தான் ஓரத்துல மேல் நோக்கி ஜல்லிப் பாதை வெட்டி வெச்சிருக்கான், பிரேக் போன வண்டி ஏறி நிக்கறதுக்கு. லோ கியர்ல போட்டு இன்ஜினாலயே பிடிச்சு இறக்கணும்.

நாடோடி_நரேன்
அப்ப நீங்களே சொல்லிட்டீங்க. லோ கியர் எந்த கார்லயும் இருக்கு. பிரேக்குக்கும் ஃபோர்வீலுக்கும் என்ன உறவு? ஜபல் ஷம்ஸ் இதைவிட உசரம், 3000 மீட்டர். அங்க இந்த மாதிரி செக்போஸ்ட்டே கிடையாது. அங்க மட்டும் பிரேக் சூடாகாதா? பதில் சொல்லுங்க அண்ணாச்சி.

ரூவி_அண்ணாச்சி
ஜபல் ஷம்ஸ் பத்தி யாரு கேட்டா? அந்தப் பொண்ணு கேட்டது ஜபல் அக்தர். அங்க செக்போஸ்ட் இருக்கு.

மலர்விழி_கோவை
ஒரு சந்தேகம். வாடகைக் கம்பெனியில "ஆல் வீல் டிரைவ்" போட்ட சின்ன எஸ்.யு.வி. ஒண்ணு காட்டறாங்க. அது ஃபோர்வீல் கணக்குல வருமா?

கியர்_கணேசன்
தொழில்நுட்பமா பார்த்தா ரெண்டும் வேற. டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கா, லோ ரேஞ்ச் இருக்கா, சென்டர் டிஃப்ரன்ஷியல் லாக் ஆகுமான்னு...

ரூவி_அண்ணாச்சி
போலீஸ்காரன் குனிஞ்சு டிஃப்ரன்ஷியலையா பாக்கப் போறான்? முல்கியாவுல என்ன இருக்கோ அதுதான். கம்பெனிக்காரன்கிட்ட "ஜபல் அக்தர் செக்போஸ்ட்ல விடுவானா"ன்னு ஒரே கேள்வி, எழுத்துல வாங்கிக்கோங்கம்மா. இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் படிங்க. போகக்கூடாத எடத்துக்குப் போயி இடிச்சா மொத்தமும் நம்ம தலையில.

நாடோடி_நரேன்
கரோலாவுக்கும் நாலு வீல்தான் சார்.

கீழக்கரை_காக்கா
அஸ்ஸலாமு அலைக்கும். தம்பிமாருகளா, வண்டிச் சண்டையை நிறுத்துங்க. தங்கச்சி, கிழமையைப் பாத்துத் திட்டம் போடுங்க. மஸ்கட் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல்ல முஸ்லிம் அல்லாதவங்க காலையில 8 மணிலேர்ந்து 11 வரைக்கும் பாக்கலாம், வெள்ளிக்கிழமை கிடையாது. பொம்பளைங்க தலையில துணி, கை கால் மூடின உடுப்பு. அதனால வெள்ளிக்கிழமையை நிஸ்வாவுக்கு ஒதுக்குங்க. வியாழன் ராத்திரி அங்கேயே தங்கிட்டு விடிஞ்சதும் ஆட்டுச்சந்தைக்குப் போங்க. வட்டமா ஒரு பாதை. வாங்குறவங்க சுத்தி உக்காந்திருப்பாங்க. விக்கிறவன் ஆட்டைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு விலையைக் கூவிக்கிட்டே சுத்துவான். கூப்பிட்டா நிப்பான். பெரியவர் ஒருத்தர் கைத்தடியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஆட்டோட வாயைத் திறந்து பல்லைப் பாப்பார், பிடிக்கலேன்னா கையை ஆட்டுவார், அவன் நடந்துருவான். வெயில் ஏறுறதுக்குள்ள கலைஞ்சுரும். பக்கத்துலயே கோட்டை.

இன்னொண்ணு. ரோஜாத் தோட்டம் பாக்கத்தான் மலைக்குப் போறீங்கன்னா பிப்ரவரியில முள்ளுதான் இருக்கும். பூ ஏப்ரல்ல. என்னைக் கேட்டா பிப்ரவரியை விட்டுட்டு ஜூலையில தெற்கே சலாலா போங்க. கரீஃப் காலம், ஜூன் 21லேர்ந்து செப்டம்பர் 21 வரைக்கும். தூறலும் பனிமூட்டமுமா மலை பூராப் பச்சை.

ரூவி_அண்ணாச்சி
காக்கா, டிக்கெட் போட்ட பொண்ணை மாசம் மாத்தச் சொல்றீங்களே. மஸ்கட்லேர்ந்து சலாலா ஆயிரம் கிலோமீட்டர். நடுவுல ஹைமா வரைக்கும் ஒட்டகமும் வெயிலும்தான். ஜூலையில வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு?

கீழக்கரை_காக்கா
பிளைட் எதுக்கு இருக்கு? எங்க வாப்பா காலத்துலயே நாங்க மஸ்கட் மத்ரா சூக்ல, அந்தப் பழைய கடைத்தெருவுல, யாவாரம் பண்ணினவங்க. எங்களுக்குத் தெரியாத ஓமனா?

குறிஞ்சிவேந்தன்
சலாலா பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதற்குக் கிழக்கே கோர் ரோரி என்ற பழைய துறைமுகத்தில் இத்தாலிய ஆய்வாளர்கள் தோண்டி எடுத்த பானை ஓட்டில் தமிழ் பிராமியில் "ணந்தை கீரன்" என்று எழுதியிருக்கிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்து உறுதிசெய்தது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் கொடி பறந்த மண் அது. அந்தப் பெருமையைப் பார்க்காமல் கார் டயரைப் பற்றி அடித்துக்கொள்கிறீர்கள்.

கியர்_கணேசன்
கொடி எங்க பறந்துச்சு? ஒரு வியாபாரி பேர் எழுதின ஓடு கிடைச்சிருக்கு. சாம்பிராணி ஏத்துற துறைமுகம், கப்பல்ல போனவன் பானையைக் கொண்டுபோயிருப்பான். அதுவே பெரிய விஷயம்தான். ஆட்சி வரைக்கும் இழுக்காதீங்க.

குறிஞ்சிவேந்தன்
ஆட்சி என்று நான் சொல்லவேயில்லை. கொடி என்றேன். தன் இனத்தின் பெருமை என்றால் மட்டும் சிலருக்கு ஆதாரம் போதாது.

நாடோடி_நரேன்
கீரன் ஃபோர்வீல்லயா வந்தான்? அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்க.

ரூவி_அண்ணாச்சி
நக்கல் பண்ணும். நல்லாப் பண்ணும். கேமராவை மூஞ்சிக்கு நேரே பிடிச்சுக்கிட்டு வந்து இறங்குறது, நண்பன் வீட்டுல திங்கிறது, நண்பன் பிராடோவுல ஏறுறது, ஊருக்குப் போயி "வாடகைக் கம்பெனி கட்டிவிட்ட கதை"ன்னு எழுதுறது. இதை நம்பி ஒரு குடும்பம் வயசானவங்களை ஏத்திக்கிட்டு மஸ்கட்லேர்ந்து அம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வந்து செக்போஸ்ட்ல திரும்பினா பெட்ரோல் காசு நீரு குடுப்பீரா?

நாடோடி_நரேன்
உங்க பிரச்சினை எனக்குப் புரியுது. லேபர் கேம்ப்லேர்ந்து பார்த்தா எல்லாமே "கூடாது, விடமாட்டான், போலீஸ்"னுதான் தெரியும். டூரிஸ்ட்டா பார்க்கற கண்ணு வேற.

ரூவி_அண்ணாச்சி
ஆமாய்யா, கேம்ப்லதான் இருந்தேன். ஒரு ரூமுக்குள்ள அடுக்குக் கட்டில். வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு, அன்னைக்குத் துணி துவைக்கணும், ஊருக்குப் பேசணும். நிஸ்வா கோட்டை வாசல்ல சிமெண்டு எறக்கியிருக்கேன், உள்ள போயிப் பாத்ததே ரொம்ப நாள் கழிச்சுத்தான். நாங்க தார் ஊத்தின ரோட்டுல நீரு ரீல்ஸ் போட்டுட்டு எங்களுக்கே ரோட்டைப் பத்திச் சொல்றீரு. அந்த மலைக்கு வாட்டர் டேங்கர் ஏத்தினவன் நான். லோ கியர்ல இறக்கும்போது இன்ஜின் போடுற சத்தத்துல பேச்சு கேக்காது. பிரேக் கருகுற நாத்தம் மூக்குல ஏறினா எறங்கி முடியுற வரைக்கும் போகாது. உமக்கு அது தெரியுமா?

கீழக்கரை_காக்கா
நரேன் தம்பி, அந்த வார்த்தை தப்பு. வளைகுடாவுல உழைக்கிறவங்களை அப்படிப் பேசக்கூடாது. ஆனா அண்ணாச்சி, சிமெண்டு எறக்கினவரு நீங்க, யாவாரம் பண்ணினவங்க நாங்க. சலாலா பத்தி நான் சொன்னதை நீங்களும் தள்ளிவிட்டுட்டீங்க.

ரூவி_அண்ணாச்சி
இப்ப சலாலா எதுக்கு காக்கா நடுவுல?

மலர்விழி_கோவை
யாராவது சாப்பாடு பத்திச் சொல்லுங்களேன். பாலைவன முகாம் வரைக்கும் எந்தக் கார்ல போறதுன்னும் தெரியல.

கியர்_கணேசன்
மஸ்கட்ல ரூவி பக்கம் தங்கினா இட்லி தோசைக்குக் கவலையில்ல. நிஸ்வா வழியெல்லாம் மலையாளி காபி ஷாப். பரோட்டாவுல சீஸ் தடவி, "சிப்ஸ் ஓமன்"னு விக்கிற சிப்ஸை நொறுக்கித் தூவிச் சுருட்டிக் குடுப்பான், கூட ஒரு கராக் சாயா. முட்டை வேண்டாம்னு முன்னாடியே சொல்லணும், சொல்லலேன்னா ஆம்லெட்டை உள்ள வெச்சுருவான். பாலைவனத்துக்கு: பிதியா வரைக்கும் தார் ரோடு, அதுக்கப்புறம் முகாம்காரங்களே வந்து கூட்டிட்டுப் போவாங்க, பதிவு பண்ணும்போதே கேட்டுக்கோங்க. நீங்களே ஓட்டினா டயர்ல காத்தைக் குறைக்கணும். உண்மையில ஃபோர்வீல் தேவைப்படற இடம் அந்த மணல்தான். அங்க கேக்க ஆளே கிடையாது, புதைஞ்சாத்தான் தெரியும். வாதின்னா மலைப் பள்ளத்தாக்கு. வாதி ஷாப் போற எண்ணம் இருந்தா, படகுல அக்கரை போக 1 ரியால், அப்புறம் பாறையில நடை, கடைசியில நீச்சல். அப்பா அம்மாவுக்கு வாதி பனி காலித்தான் சரி. வானம் கறுத்திருந்தா வாதி பக்கமே போகவேண்டாம், மலையில பெஞ்ச தண்ணி கீழ திடீர்னு வரும்.

நாடோடி_நரேன்
பார்த்தீங்களா, கணேசனே சொல்லிட்டார், "உண்மையில ஃபோர்வீல் தேவைப்படற இடம் மணல்தான்". அப்ப மலைக்குத் தேவையில்ல. நான் எழுதினதும் அதேதான்.

கியர்_கணேசன்
நான் அப்படிச் சொல்லல. வார்த்தையை வெட்டி ஒட்டாதீங்க.

ரூவி_அண்ணாச்சி
தேவை வேற, சட்டம் வேற. ஹெல்மெட் இல்லாமலும் பைக் ஓடத்தான் செய்யும். பிர்கத் அல் மௌஸ்ல செக்போஸ்ட் இருக்கு. நூறு தடவை சொல்லுவேன்.

நாடோடி_நரேன்
நூறு தடவை சொன்னாலும் கரோலா போட்டோ அங்கேயேதான் இருக்கும்.

குறிஞ்சிவேந்தன்
பிர்கத் அல் மௌஸில் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஃபலஜ் அல் கத்மைன் ஓடுகிறது. 2006இல் பட்டியலில் சேர்ந்த ஐந்து வாய்க்கால்களில் ஒன்று. மலைத் தண்ணீரை வாழைக்கும் பேரீச்சைக்கும் முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு. அந்த ஊரை வெறும் போலீஸ் சாவடியாக்கிவிட்டீர்கள்.

ரூவி_அண்ணாச்சி
வாய்க்காலைப் பாக்க எந்தக் காருலயும் போகலாம் வேந்தன், அது செக்போஸ்ட்டுக்குக் கீழ இருக்கு. மலர்விழியம்மா, ஒண்ணு செய்ங்க. சாதா காரை எடுத்துக்கிட்டு பிர்கத் அல் மௌஸ் வாங்க, மலைக்கு மட்டும் டிரைவரோட ஃபோர்வீல் பேசிக்கோங்க. டிரைவர்கிட்ட எறங்கும்போது எந்த கியர்ல வாரான்னு கேளுங்க. மேல ரோஜாப் பன்னீர் வித்தா ஒரு பாட்டில் வாங்குங்க, மண் அடுப்புல காச்சினதா இருந்தா புகை வாசம் அடிக்கும், அதான் அசல். நரேன், உமக்கு ஒரே கேள்வி. அந்த போட்டோவுல நம்பர் பிளேட்டை ஏன் மறைச்சீரு?

நாடோடி_நரேன்
அடுத்தவங்க வண்டி நம்பரைப் போடறது நாகரிகம் இல்ல ப்ரோ. மார்ச்ல மறுபடி வர்றேன், கரோலாவே எடுக்கறேன், வீடியோ போடறேன்.

ரூவி_அண்ணாச்சி
போடும். செக்போஸ்ட்ல வண்டியைத் திருப்புறதையும் வெட்டாம போடும்.

கீழக்கரை_காக்கா
மார்ச்ல ஏன் தம்பி வரணும், ஜூலையில வாங்க. சலாலாவுல எந்தக் காரும் ஓடும்.

ரூவி_அண்ணாச்சி
காக்கா, பனிமூட்டத்துல முன்னாடி நிக்கிற ஒட்டகம்கூடத் தெரியாத ரோடு அது. அதுக்கும் நான் டேங்கர் ஓட்டியிருக்கேன்.