பாஸ்வேர்டைப் பகிரும் ஊழியர்களுக்கு மெமோ கொடுக்கலாமா?

கோவை_ஐடி: தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐடி பிரிவைக் கவனிக்கிறேன். ஆளுக்கு ஒரு லாகின், 45 நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்றம், நோயாளி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. இவைதான் விதிகள், எல்லாரும் படித்துக் கையெழுத்துப் போட்டவை. ஆனால் வார்டில் காலையில் ஒருவர் லாகின் செய்தால் ஷிஃப்ட் முடியும்வரை அதிலேயே எல்லாரும் பதிகிறார்கள். சுற்றறிக்கை விட்டுப் பார்த்தாயிற்று. இனி முதல் தடவை மெமோ, அடுத்த தடவை இன்க்ரிமென்ட் நிறுத்தம் என்று நிர்வாகத்துக்கு எழுதப் போகிறேன். என்ன நினைக்கிறீர்கள்?

ஆடிட்டர்_தஞ்சை: கண்டிப்பாகக் கொடுங்கள். ஹெல்மெட்டும் அபராதம் வந்த பிறகுதான் பலர் தலையில் ஏறியது. கையெழுத்துப் போட்டுவிட்டு மீறுபவரிடம் என்ன கெஞ்சல்?

வார்டு_சிஸ்டர்: ஐடி சார், ஒரு நைட் ஷிஃப்ட் வந்து பாருங்கள். ரெண்டு பேர், வார்டு நிறைய நோயாளிகள். கிளவுஸைக் கழற்றி, கை கழுவி, பாஸ்வேர்ட் அடித்து, ஒரு ஆன்டிபயாட்டிக் டோஸைப் பதிவதற்குள் அடுத்த பெட்டில் பெல் அடிக்கும். போய்விட்டு வந்தால் ஸ்கிரீன் பூட்டியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. வாட்ஸ்அப் யார் கேட்டு அனுப்புகிறோம்? "ஈசிஜியைப் போட்டோ எடுத்து அனுப்பும்மா" என்று வீட்டிலிருந்து சொல்வது பெரிய டாக்டர். அவருக்கும் மெமோ உண்டா?

கோவை_ஐடி: சிஸ்டர், உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் உங்கள் லாகினில் வேறொருவர் தப்பான டோஸ் பதிந்தால் விசாரணையில் நிற்பது நீங்கள்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கியபோது பல நாள் ஓபி சீட்டு முதல் எல்லாம் கையால் எழுதினார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதையெல்லாம் சொல்லி எப்படி நிர்வாகத்தைச் சும்மா இருக்கச் சொல்வது?

செக்யூரிட்டி_மதுரை: அந்த 250 கோடி, போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு. நர்ஸுக்கு அல்ல. செய்ய முடியாத விதியை எழுதிக் கையெழுத்து வாங்குவது ஏற்பாடு ஆகாது.

உங்கள் 45 நாள் விதியையே எடுப்போம். அடிக்கடி பாஸ்வேர்ட் மாற்றச் சொல்லும் வழக்கத்துக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி. எழுதியவர் பில் பர். 2017இல் அவரே அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்டும் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றச் சொல் என்று திருத்தியது. 2019இல் மைக்ரோசாஃப்டும் விண்டோஸுக்கான தன் பரிந்துரையிலிருந்து அதை எடுத்துவிட்டது. மாற்றச் சொல்லச் சொல்ல மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், இல்லையென்றால் மானிட்டரில் ஒட்டுவார்கள்.

ஆடிட்டர்_தஞ்சை: சரி, பாஸ்வேர்ட் கதையை விடுங்கள். நோயாளிகளின் போன் நம்பரை வெளியே விற்பவனையும் "விதி கஷ்டமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்களா?

செக்யூரிட்டி_மதுரை: அவனை வேலையை விட்டே அனுப்புங்கள், போலீஸுக்கும் போங்கள். அது திருட்டு. வேலையை முடிக்கக் குறுக்கு வழி தேடுபவரையும் திருடனையும் ஒரே மெமோவில் அடைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

மெமோ பயத்தில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தப்பான லிங்க்கை அழுத்தியவர் வாயைத் திறக்க மாட்டார். இணையத் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 முதல் விதி. ஊழியர் மறைத்தால் உங்களுக்கே எப்போது தெரியும்? சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிறுவனத்தில் 15 மாதம், 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் சோதித்தார்கள். போலி மெயிலில் சிக்கியவருக்கு அங்கேயே பாடம் காட்டியது பலன் தரவில்லை. சந்தேக மெயிலை உடனே புகார் செய்ய ஒரு பொத்தான் கொடுத்தது நன்றாக வேலை செய்தது.

வார்டு_சிஸ்டர்: எங்களுக்கு ஐடி கார்டைத் தட்டினால் திறக்கிற மாதிரி கொடுங்கள். எடுத்துக்கொண்டு நகர்ந்தால் பூட்டட்டும். யாரும் யார் லாகினையும் கேட்க மாட்டோம்.

ஆடிட்டர்_தஞ்சை: ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரீடர், சாஃப்ட்வேர் மாற்றம். சின்ன ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகுமா? பணம் வரும்வரை விதி விதிதான். அதில் நான் மாறவில்லை.

கோவை_ஐடி: ஐசியுவில் மட்டும் கார்டு ரீடர் வைத்துப் பார்க்கக் கொட்டேஷன் கேட்கிறேன். 45 நாள் விதியை எடுத்துவிட்டு, நீளமான பாஸ்வேர்டும் ஓடிபியும் வைக்கச் சொல்லி எழுதுகிறேன். ஈசிஜி அனுப்ப மருத்துவமனைக்கென்று தனி ஆப் வேண்டும், அதையும் சேர்க்கிறேன். ஆனால் அவையெல்லாம் வந்த பிறகும் லாகினைப் பகிர்ந்தால் மெமோ உண்டு சிஸ்டர்.

வார்டு_சிஸ்டர்: வந்த பிறகு கொடுங்கள் சார், வாங்கிக்கொள்கிறேன். டாக்டருக்கும் உண்டு என்று அதே தாளில் எழுதுங்கள்.