பாரிமுனை எல்லைத்தூண் போன்றவற்றை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டிடத்தின் ஓரமாக நிற்கும் தூணைப் பார்த்திருக்கிறீர்களா? புனித ஜார்ஜ் கோட்டைக்கு முன்னிருந்த வெட்டவெளிக்கு எல்லை காட்ட 1773இல் நட்டது, ஆறு தூண்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். சென்னையில் இப்படிக் கவனிப்பாரற்றுக் கிடப்பதையெல்லாம் படமெடுத்துச் சேர்க்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

பதில் 1: பழைய ஜெயில் ரோடு மாடிப் பூங்காவுக்குப் போங்கள். கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தின் மதிலில் மிச்சம் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1758இல் நகருக்குள் புகுந்த பிறகு ஆங்கிலேயர் கட்டிய சுவர், அதற்கு வரி போட நினைத்ததால்தான் வால்டாக்ஸ் (சுவர் வரி) ரோடு என்றே பெயர் வந்தது.

பதில் 2: கல்வெட்டை உச்சிவெயிலில் எடுக்காதீர்கள், காலைச் சாய்வெயிலில்தான் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். அப்புறம் தேதி, இடக்குறிப்போடு விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தொகுப்புத் தளத்தில் ஏற்றிவிடுங்கள்.

கேட்டவர்: சரி, ஞாயிறு காலையே கிளம்புகிறேன். யாராவது கூட வருகிறீர்களா?